நூற்றைம்பது சிங்கப்பூர் வெள்ளிக்குள் ஒரு டைனமிக் மைக்: பேச, பாட, மிருதங்கம் பதிய

"டைனமிக் மைக் வாங்குங்க, அக்கம்பக்கத்துச் சத்தம் வராது." கடையிலும் சொல்கிறார்கள், யூடியூபிலும் சொல்கிறார்கள். இதை நம்பி மைக்கை வாங்கி, மேசை ஓரத்தில் ஒரு குட்டி ஸ்டாண்டில் நிறுத்தி, நாற்காலியில் சாய்ந்தபடி பேசினால் விடிகாலைக் குயிலும் வரும், மின்தூக்கி மணியும் வரும், எதிர் புளோக்கில் சுவரைத் துளைக்கும் டிரில்லும் வரும். உடனே மைக் மோசம் என்று, பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் பாதி விலைக்குப் போட்டுவிடுவார்கள். மைக் மேல் தவறில்லை.

டைனமிக் மைக்கின் உள்ளே ஒரு மெல்லிய படலம், அதில் ஒட்டிய கம்பிச்சுருள், சுற்றி ஒரு காந்தம். ஒலி படலத்தை அசைக்க, சுருள் காந்தப்புலத்தில் ஆடி மின்சாரம் பிறக்கிறது. படலத்தோடு சுருளின் எடையும் சேர்ந்து அசைய வேண்டியிருப்பதால் வெளியே வரும் மின்னழுத்தம் சொற்பம். 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியும் சரிந்துவிடும். நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கைவிட இது மந்தமாகக் கேட்பது இதனால்தான். ஆனால் எது குரல், எது குயில் என்று படலத்துக்குத் தெரியாது. குரலுக்காக கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் குயிலும் கூடவே ஏறும்.

உண்மையில் உதவுவது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும். 5 சென்டிமீட்டரில் பேசுகிறவர் 20 சென்டிமீட்டருக்குப் பின்வாங்கினால் 12 டெசிபெல் போச்சு. அறையின் சத்தமோ அப்படியே நிற்கும். கண்டென்சரைப் பலரும் 30, 40 சென்டிமீட்டரில் வைத்துப் பேசுகிறார்கள், டைனமிக்கை உதட்டருகே கொண்டுவருகிறார்கள். "டைனமிக் சுத்தமாக இருக்கிறது" என்ற பெயரில் பெரும்பகுதி அந்தப் பழக்கம் வாங்கிக் கொடுத்தது. ஆகவே, நான்கு விரல் அகலத்தில் மைக்கை வைத்துக்கொள்ள மனமில்லாதவர்களுக்கு இந்த மதிப்புரையில் உள்ள எந்த மைக்கும் பொருந்தாது. வீடியோவில் மைக் முகத்தை மறைக்கக் கூடாது என்பவர்கள் சட்டைக் காலர் மைக் பக்கம் போவது நல்லது.

அடுத்தது கெயின். பலர் மைக்குக்கு 150 வெள்ளி கொடுத்துவிட்டு, அதைச் செருகிக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஷூர் எஸ்எம்58 ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு ஏறக்குறைய 1.85 மில்லிவோல்ட் தருகிறது. சென்ஹைசர் இ835 தருவது 2.7. ரோட் பாட்மைக் 1.6. கணக்குப் போட்டால் இ835க்கும் எஸ்எம்58க்கும் மூன்றரை டெசிபெல்கூட வித்தியாசம் இல்லை. மைக்கை ஒரு சாண் தள்ளி வைப்பதில் இழப்பது அதைவிட அதிகம். சாதாரணக் குரலில் அருகிலிருந்து பேசுகிறவருக்கு எஸ்எம்58 வகை மைக்குகளுக்கு 50 முதல் 55 டெசிபெல் கெயின் வேண்டும். தயங்கித் தயங்கி மெல்லப் பேசுகிறவருக்கு 60 வரை போகலாம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ நான்காம் தலைமுறை 57 டெசிபெல் தருகிறது, அதே வரிசையின் 2ஐ2 பெட்டி 69 தருகிறது. பேச்சுப் பதிவுக்கு சோலோ போதும், ஆனால் குமிழ் முக்கால்வாசிக்கு மேல் நிற்கும். விலை மலிந்த பெட்டிகளில் குமிழின் கடைசிப் பத்து சதவீதத்தில் கெயினோடு "ஷ்ஷ்" என்ற இரைச்சலும் தாவி ஏறும். அந்த இரைச்சலை மைக்கின் தலையில் கட்டுவது வழக்கம்.

ஷூர் எஸ்எம்7பி இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்றால், அதன் விலை மட்டும் காரணமில்லை. அது தருவது வெறும் 1.12 மில்லிவோல்ட். அதற்கேற்ற நல்ல ப்ரீஆம்ப்போ (மைக்கின் சின்ன மின்னழுத்தத்தைப் பெருக்கும் பகுதி), கிளவுட்லிஃப்டர் போல 25 டெசிபெல் கூட்டித் தரும் பெட்டியோ இல்லாமல் வாங்கினால் செலவழித்த காசுக்கு இரைச்சல்தான் மிஞ்சும். திரையில் எல்லோர் முகத்துக்கு முன்னாலும் அது தெரிகிறது என்பது வாங்கக் காரணமாகாது.

இனி மைக்குகளுக்கு வருவோம். விலைகள் சுமாரானவை, 9.9, 11.11 தள்ளுபடி நாள்களில் இறங்கும்.

பெரிங்கர் எக்ஸ்எம்8500 நாற்பது வெள்ளியை ஒட்டிக் கிடைக்கும். உலோக உடல், ஸ்டாண்டில் மாட்டும் பிடி, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் சேர்த்து. இந்த விலைக்கு இது கொஞ்சம் அநியாயமான நல்ல மைக். குரல் தெளிவாக முன்னால் வந்து நிற்கும். குறைகளும் உண்டு: ஸ, ஷ சத்தங்கள் கூர்மையாகக் கீறும், கையில் பிடித்தால் விரல் நகரும் சத்தம் எஸ்எம்58-ஐவிட அதிகமாக உள்ளே போகும். ஸ்டாண்டில் நிறுத்திப் பேசுகிறவருக்கு இரண்டாவது குறை இல்லவே இல்லை. முதல் குறையை மைக்கைச் சற்றுச் சாய்த்துவைத்தே பாதி தீர்க்கலாம். புதிதாகப் பாட்காஸ்ட் தொடங்கும் இருவர் இதில் இரண்டு வாங்கி, மிச்சப் பணத்தை இரண்டு துளையுள்ள நல்ல இன்டர்ஃபேஸில் போடுவதுதான் என் கணக்கில் புத்திசாலித்தனம்.

எஸ்எம்58-க்கு 150 வெள்ளி சுமார். 1966-இல் வந்த வடிவம், இன்றும் மாறவில்லை. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ், கார்டியாய்டு, அதாவது முன்னால் நன்றாகவும் நேர் பின்னால் மிகக் குறைவாகவும் கேட்கும் அமைப்பு. கீழ் ஒலிகளைக் கொஞ்சம் வெட்டி, 5,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தூக்கித் தரும். மேடையில் அது வரப்பிரசாதம்: சமூக மன்றத்து ஸ்பீக்கரில்கூட சொல் புரியும். வீட்டுப் பதிவில் அதே குணம் சற்று மூக்கடைத்த மாதிரி கேட்கலாம். உள்ளே படலத்தொகுதி அதிர்வு தாங்கியில் மிதப்பதால் கைச்சத்தம் குறைவு. கீழே விழுந்தால் வலைத்தலை நசுங்கும், உள்ளே இருப்பது பிழைத்துவிடும். நசுங்கிய தலையை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி மாத நிகழ்ச்சிகளுக்குப் பத்துக் கை மாறும் மைக் வேண்டும் என்கிற சங்கத்துக்கு வேறு யோசனையே தேவையில்லை.

பாடுகிறவர்களுக்கு இ835-ஐ ஒரு முறை கேட்டுப் பார்க்கச் சொல்வேன். எஸ்எம்58-க்குப் பக்கத்து விலை. இதன் பெரிய நன்மை, பாடகர் முன்னும் பின்னும் நகரும்போது குரலின் தடிப்பு அவ்வளவாக மாறாது. மைக்கை நெருங்க நெருங்கக் கீழ் ஒலி பெருப்பது எல்லா கார்டியாய்டு மைக்குக்கும் உள்ள குணம். இதில் அது அடக்கமாக இருக்கும். தலையை ஆட்டி, கை வீசி, தாளம் போட்டுப் பாடும் கர்நாடக சங்கீதக்காரருக்கு இது பெரிய வசதி. தார ஸ்தாயியில் குரல் காதைக் குத்தாது. மந்தரத்தில் காணாமல் போகாது.

கணினியில் நேரடியாகச் செருக வேண்டும், இன்டர்ஃபேஸ் எல்லாம் வேண்டாம் என்றால் சாம்சன் க்யூ2யூ, அல்லது ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ். இரண்டிலும் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக் இணைப்பு) இரண்டு வழியும் உண்டு. காதொலிப்பான் துளையும் உண்டு, தாமதமின்றி நம் குரலை நாமே கேட்கலாம். இணையவழித் தேவார வகுப்பு, பாட்டு வகுப்பு, தனியாள் பாட்காஸ்ட் இவற்றுக்கு இதுவே போதும். பிறகு இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக் வீணாகாது. ஆனால் இருவர் பேசும் நிகழ்ச்சிக்கு இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே விண்டோஸ் கணினியில் செருகி மல்லுக்கட்ட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். நீண்ட பதிவில் இரண்டு குரலும் மெல்ல மெல்லப் பிசகும். பழைய சரக்கில் ஏடிஆர்2100 என்று எக்ஸ் இல்லாமல் வருவதில் மினி யூஎஸ்பி துளை இருக்கும். அந்தக் கேபிள் இன்று யார் வீட்டிலும் இல்லை.

ரோட் பாட்மைக், ஆடியோ-டெக்னிகா ஏடி2040 இரண்டும் பேச்சுக்கென்றே செய்தவை, விலையும் எஸ்எம்58-ஐ ஒட்டியதே. பாட்மைக்கின் எடை 937 கிராம். மேசையில் பொருத்தும் இருபது வெள்ளி ஸ்பிரிங் கையில் மாட்டினால் மெதுவாகத் தலை குனிந்து மேசையில் படுத்துவிடும், ஆகவே அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடவும். குரல் தடிப்பாக, வானொலிக்காரர் மாதிரி வரும். பாட்டுக்கு இது மந்தம்.

வாத்தியங்களுக்கு வந்தால் எஸ்எம்57. எஸ்எம்58-ம் இதுவும் ஒரே குடும்பம், வலைத்தலைதான் பெரிய வித்தியாசம். பந்து போன்ற தலை இல்லாததால் தோலுக்கும் தந்திக்கும் இன்னும் நெருங்கலாம். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டரில், விரல் வீச்சுக்கு வெளியே, தோலின் நடுவைவிட விளிம்பை நோக்கி வைத்தால் நம், தின், சாபு பிரிந்து கேட்கும். நடுவை நேராகப் பார்த்து வைத்தால் நடுவிலுள்ள கருப்புச் சாதத்தின் அடி மட்டும் டப் டப் என்று விழும். இடது பக்கமான தொப்பிக்கு இரண்டாவது மைக் வைக்கிறவர்கள் இன்டர்ஃபேஸிலோ மென்பொருளிலோ ஒரு பக்கத்தின் போலாரிட்டியை (அலையின் நேர், எதிர்) மாற்றிக் கேட்கவும். ஒரு தோல் உள்ளே போகும்போது மறு தோல் வெளியே தள்ளப்படுவதால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எந்த நிலையில் தொம் தடிக்கிறதோ அதில் விட்டுவிடவும். ஒரே ஒரு மைக்தான் என்றால் முன்னால் 30, 40 சென்டிமீட்டரில், வலந்தலைப் பக்கம் சற்றுத் திருப்பி.

வயலினுக்கு மேலிருந்து 20 சென்டிமீட்டர், குதிரையை நோக்கி. கொஞ்சம் காற்றோட்டம் குறைந்து கேட்கும், சகிக்கலாம். வீணைக்கு மட்டும் டைனமிக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். கமகம் அடங்கி அடங்கித் தேயும் அந்தக் கடைசி ஓசைதான் வீணை. அங்கே இந்த மைக்குகள் ப்ரீஆம்ப்பின் இரைச்சலை முன்னால் நிறுத்திவிடும். வீணைக்காரர் நல்ல கண்டென்சருக்குப் பணம் சேர்க்கட்டும்.

கேபிளில் ஏமாறுபவர்கள் மைக்கில் ஏமாறுபவர்களைவிட அதிகம். கரவோக்கே பெட்டிக்கென்று வரும் கேபிளில் ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறு முனை தடித்த 6.35 மில்லிமீட்டர் பின். அதை இன்டர்ஃபேஸின் கிட்டார் துளையில் செருகினால் மைக் ப்ரீஆம்ப்புக்குப் போகவே போகாது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். இரு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள்தான் வேண்டும், வீட்டுக்கு 3 மீட்டர் போதும். இன்னொரு கூத்து: எக்ஸ்எல்ஆரை 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னாக மாற்றும் கேபிளைக் கேமராவிலோ மடிக்கணினியிலோ செருகுவது. மைக்கின் இரண்டு கம்பிகளும் நேர், எதிர் என்று இடக்காதுக்கும் வலக்காதுக்கும் போகும். காதொலிப்பானில் கேட்டால் குரல் இருக்கும், ஏதோ விசித்திரமாக. அதையே கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் கழிந்து குரல் மறைந்துவிடும். பதிவு முழுக்க முடித்த பிறகு தெரியவரும் கோளாறு இது.

கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் பட்டன் தவறிப்போய் எரிந்தால் பதற வேண்டாம். சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் டைனமிக் மைக்கை அது ஒன்றும் செய்யாது. தேவையும் இல்லை, அணைத்துவிடலாம்.

போலி எஸ்எம்58 இணையச் சந்தைகளில் தாராளம். புது மைக் அறுபது வெள்ளி என்றால் அது போலி, யோசிக்கவே வேண்டாம். உடலில் அணை-போடு பொத்தான் இருந்து, பெயரில் வெறும் எஸ்எம்58 என்றிருந்தால் சந்தேகம். பொத்தான் உள்ள அசல் எஸ்எம்58எஸ் என்ற பெயரில் வரும். அசலின் எடை 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் போதும், போலி பெரும்பாலும் கணிசமாக இலேசாக இருக்கும். தலையைக் கழற்றி, படலத்தொகுதியை மெல்லத் திருகி எடுத்தால் அசலில் கைப்பிடிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் பசையில் புதைந்து இருக்கும். பழைய மைக்கை எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து வாங்குகிறவர்களிடம் மல்டிமீட்டர் இருந்தால் இன்னொன்று: எக்ஸ்எல்ஆர் பின் 2-க்கும் 3-க்கும் இடையே மின்தடை காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் உள்ளே இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. பின் 1-க்கும் மற்றவற்றுக்கும் இடையே இணைப்பு இருக்கக் கூடாது. குலுக்கிப் பார்த்து உள்ளே ஏதாவது உருண்டால் கிளம்பி வந்துவிடலாம்.

கையில் எடுத்துக் கேட்டுப் பார்த்து வாங்க, பிராஸ் பசா, பெனின்சுலா பக்கத்து இசைக்கருவிக் கடைகள் நல்லது. சிம் லிம் ஸ்கொயரிலும் ஒலிக்கருவிகள் கிடைக்கும். வெளிநாட்டு இணையக் கடையில் விலை குறைவாகத் தெரிந்தால், 2023 தொடங்கி 400 வெள்ளிக்குக் குறைந்த இறக்குமதிப் பொருள்களுக்கும் பொருள், சேவை வரி உண்டு, இப்போது 9 சதவீதம் என்பதைச் சேர்த்துப் பார்க்கவும். உத்தரவாதத்துக்கு உள்ளூரில் யார் பொறுப்பு என்பதையும்.

வீட்டில் எங்கே வைப்பது? வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வெடிகுண்டுப் புகலறை ஸ்டூடியோவுக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சத்தம் அடங்கும் என்பது சரி. ஆனால் நாலா பக்கமும் வெறும் கான்கிரீட், எதிரெதிர்ச் சுவர்கள் பக்கத்தில் பக்கத்தில். ஆண் குரல் டிரம்முக்குள் பேசுவது போல முழங்கும். துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதை நோக்கிப் பேசுவது எவ்வளவோ மேல். தரை ஓடாக இருந்தால் ஒரு பாய் விரிக்கவும். மேல்விசிறியை நிறுத்தவும், அதன் காற்று வலையில் பட்டால் வரும் தாழ்ந்த உறுமலை எந்த மென்பொருளாலும் முழுசாகத் துடைக்க முடியாது.

சுருதிப் பெட்டியை எங்கே வைப்பது என்பது மைக்கைப் பொறுத்தது. எஸ்எம்58, இ835 போன்ற கார்டியாய்டுக்கு நேர் பின்னால். முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் வைத்தால் கேட்கும். அதன் செவிட்டுப் பகுதி பின்பக்கவாட்டில், சுமார் 125 பாகையில். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கரை வைக்கும் இடமும் இதே கணக்கு. இரண்டு வகையிலும் வலையைக் கையால் பொத்திப் பிடித்தால் பின்துளைகள் அடைபட்டு மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், ஸ்பீக்கர் ஊளையிடும். பட்டிமன்றப் பேச்சாளர்கள் உணர்ச்சிவசப்படும் கட்டத்தில் இது நடப்பதைக் கவனித்திருக்கலாம்.

தமிழுக்கு ஒரு வசதி உண்டு. நம் ப, த, க மூச்சுக்காற்று இல்லாமல் பிறப்பவை, ஆகவே ஆங்கிலத்தைப் போல ஒவ்வொரு சொல்லிலும் "பொப்" என்று வெடிப்பதில்லை. நடுவே ஆங்கிலச் சொற்கள் வரும்போதுதான் வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயோரத்திலிருந்து சாய்வாக வைத்தால் அதுவும் அடங்கும். ல, ள, ழ வேறுபாடுதான் நம் தலைவலி. அது பெரிதும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் தெரிகிறது. மைக்கை மிக நெருங்கியதால் கீழ் ஒலி பெருத்தால் அந்தப் பகுதி மங்கி, பழம் பலமாகிவிடும். 80 முதல் 100 ஹெர்ட்ஸில், கீழ் ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போட்டு, அப்போதும் மங்கினால் இரண்டு விரல் பின்வாங்கவும்.

மாதம் ஒரு முறை வலைத்தலையைத் திருகிக் கழற்றி, உள்ளிருக்கும் பஞ்சோடு சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் இரவு முழுக்கக் காயவிடவும். இந்த ஊர் ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டினால் பஞ்சு நாறும், வலை துருப்பிடிக்கும். படலத்தொகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. கண்டென்சருக்கு வேண்டிய ஈரம் நீக்கும் அலமாரி எல்லாம் இதற்கு வேண்டாம்.

வாங்கிய அன்றே, கடையின் மாற்றிக்கொடுக்கும் தவணை முடிவதற்குள், ஒரு சோதனை. நான்கு விரல் தூரத்தில் "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்" என்று சாதாரணக் குரலில் சொல்லவும். உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தொடும்படி கெயினை வைக்கவும். அதே கெயினில் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு பதியவும், இரைச்சல் எவ்வளவு என்று அதில் தெரியும். பிறகு கேபிளை அசைத்து, மைக் உடலை விரலால் ஒரு தட்டு. கேபிளை அசைக்கையில் கரகரத்தால் முதலில் வேறு கேபிளில் பார்க்கவும். அப்போதும் கரகரத்தால் மைக்கின் பின் இணைப்பு ஆடுகிறது. அட்டைப்பெட்டி, ரசீதோடு கடைக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டியதுதான்.